புதுப்பெண் ஏறினால் கொதிக்கும் கார்

மகனுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். காரும் சௌக்கியம். கார் சௌக்கியமாக இருப்பதுதான் இப்போது எனக்குத் தலைவலி. அது ஏன் என்று ஒரு வரியில் எழுத முடியாது. அதனால்தான் இன்லண்டு கவரை ஒதுக்கி வைத்துவிட்டு முழுத்தாளாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு நீளமாக எழுதினால் படிக்கப் பொறுமை கிடையாது என்று தெரியும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். இந்தத் தடவை அப்படிச் செய்யாதே. பம்பாய்க்கு ரயில் ஏறுவதற்குள் முழுக்கப் படித்துவிடு. படித்துவிட்டுக் கோபப்பட்டாலும் பரவாயில்லை. நான் அதைவிடக் கோபமாகத்தான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. பம்பாய்க்கு மாற்றலானது சந்தோஷம். அதற்குக் கீழே ஒன்று எழுதியிருந்தாயே, "வள்ளிக்கண்ணு இப்போதைக்குத் தேவகோட்டையிலேயே அவள் அப்பா வீட்டில் இருக்கட்டும், நான் மட்டும் போகிறேன், நேரம் சரியானதும் அழைத்துக்கொள்ளலாம்" என்று, அதை இரண்டு தடவை படித்தேன். நேரம் சரியானதும் என்பது உன் வார்த்தை இல்லை. அது உன் பெரியத்தையின் வார்த்தை. உன் அப்பாவுக்கு மூத்தவள், தாலியிழந்து இந்த வீட்டோடு வந்தவள், உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவள் என்பதெல்லாம் சரி. அவளை நான் என்றைக்கும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனால் அவள் வாயிலிருந்து விழுந்ததை நீ பொறுக்கி எடுத்து, மெட்ராஸிலிருந்து தபால்தலை ஒட்டி எனக்கே அனுப்புகிறாய். தலைதீபாவளிக்குப் போன பெண் இன்னும் திரும்பவில்லை. ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீ எழுதவில்லை. கார் சூடாகிறது, அதனால் மருமகளை அழைக்கவில்லை என்று சொல்லட்டுமா?

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் என்ன காரணம் என்று தேடமாட்டார்கள், யார் காரணம் என்று தேடுவார்கள். நீ நாலு வயதுப் பிள்ளையாக இருக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்து இறங்கவே இல்லை. அன்று காலையில்தான் வளையல்காரி வந்து உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருந்தாள். போதாதா? அவள் கண்தான் என்று உன் பெரியத்தை முடிவு கட்டிவிட்டாள். மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள், மந்திரித்தார்கள், திருநீறு பூசினார்கள். நீ காதைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் உன்னை வெயிலில் படுக்க வைத்துப் பார்த்தபோது காதுக்குள் ஒரு பச்சைப்பயறு ஊறிப் பருத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த அன்றே காய்ச்சல் விட்டது. பயறு கிடைத்த பிறகாவது வளையல்காரியை விட்டார்களா? இல்லை. அதற்கப்புறம் அவளை நம் வீட்டுப் படி ஏற விடவே இல்லை. பழி என்பது ஒரு தடவை ஒட்டினால் காரணம் தெரிந்த பிறகும் உதிராது. இதை நான் இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள். அதனால்தான் கார் விஷயத்தை நானே கையில் எடுத்தேன்.

உன் கல்யாணத்தன்று பெண்ணை அழைத்துக்கொண்டு தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கென்று உன் அப்பா காருக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார். முன்னால் டிரைவர் சேவுகனும் அவரும். பின்னால் நீ, நடுவில் அவள், அந்தப் பக்கம் நான். ஊர் எல்லை தாண்டியதும் உன் அப்பா ஆரம்பித்தார். "மெதுவாப் போப்பா சேவுகா. புதுப்பொண்ணு போற வண்டி. நாலு பேரு பாக்க வேணாமா?" சேவுகன் ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் அதைத் தாண்டாமல் ஊர்ந்துகொண்டே வந்தான். பாதி வழியில் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அந்தப் பெண் கூறைப்புடவையும் மாலையுமாகப் புளியமரத்து நிழலில் நின்றாள். சேவுகன் கண்மாய்க்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றி, கார் சூடு ஆறி, வீடு வந்து சேர்வதற்குள் நல்ல நேரம் கழிந்துவிட்டது. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற உன் பெரியத்தை முகத்தில் அப்போதே ஒரு கணக்கு ஓடியது. நான் பார்த்தேன்.

ஆடிக்கு அவளைக் கொண்டுபோய் விடும்போது மறுபடி அதே ரோட்டில் கொதித்தது. தலைதீபாவளிக்கு உன் அப்பாவோடு நீங்கள் இரண்டு பேரும் போனபோது மூன்றாவது தடவை. அன்று நான் வீட்டில் இருந்தேன். கொண்டுபோன பலகாரப் பாத்திரங்களையெல்லாம் ரோட்டோரத்தில் இறக்கி வைத்துவிட்டு, பட்டுச்சேலையோடு அவளையும் ஏற்றிக்கொண்டு நீ பஸ்ஸில் போனதாகச் சேவுகன் வந்து சொன்னான். அவ்வளவுதான், உன் பெரியத்தை வாயைத் திறந்துவிட்டாள். "மூணு தடவையாச்சு தம்பி. ஒக்கூருக்கு வயக்காட்டுக்கு வாரம் தவறாமப் போயிட்டு வாரே. ஒரு நா கொதிச்சிருக்கா? அவ ஏறுனாத்தான் கொதிக்குது. நான் சொல்லலை, காரு சொல்லுது." உன் அப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டார். அவருக்கு அந்தப் பெண்மேல் வெறுப்பு கிடையாது. அக்காவை எதிர்த்துப் பேச வராது, அவ்வளவுதான். அந்த வராமை உனக்கும் அப்படியே வந்திருக்கிறது.

காரைப் பட்டறையில் விட்டார்கள். பட்டறைக்காரர் ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். ரப்பர் குழாயை மாற்றினார். காத்தாடியைச் சுற்றும் பெல்ட்டை அழுத்திப் பார்த்து முறுக்காக இருக்கிறது என்றார். ஒக்கூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வண்டியில ஒரு கோளாறும் இல்லைங்கய்யா, சூடே ஏறலை" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். நல்ல சேதி சொன்னதாக அவருக்கு நினைப்பு. எனக்கு அதைவிடக் கெட்ட சேதி ஒன்று வேண்டாம். வண்டியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று உன் பெரியத்தை எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பட்டறைக்காரர் தனக்குக் காரணம் தெரியவில்லை என்பதை "கோளாறு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டும் ஒன்றா? படித்தவன்தானே நீ, சொல்.

எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எட்டாவதோடு நிறுத்தினார்கள். ஆனால் சாம்பார் ஒரு நாள் கெட்டு ஒரு நாள் கெடாமல் இருந்தால், கெட்ட நாளில் என்ன வேறாக இருந்தது என்று பார்க்கத் தெரியும். அதைத்தான் செய்தேன். முதலில், கெடுதல் பெண்ணிடமா ரோட்டிடமா என்று பார்க்க, பாத்திரம் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சேவுகனோடு தேவகோட்டைக்குப் போய் வந்தேன். போகும்போதும் கொதிக்கவில்லை, வரும்போதும் கொதிக்கவில்லை. சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. அதே ரோடு, அதே கார், அதே டிரைவர், பெண் மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் உன் பெரியத்தை, "என்னாத்தா, கொதிச்சுச்சா?" என்று கேட்டாள். இல்லையென்று பொய் சொல்லாமல் சொன்னேன். "பாத்தியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே போய் அவளுக்குச் சாட்சி சேகரித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேனே என்று இருந்தது. அந்த ஒரு வாரத்தில் எனக்கே ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிறகு ஒரு நாள் சேவுகன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். சின்னம்மா ஏறுகிற நாளில் வேறு என்னப்பா மாறுகிறது, யோசித்துச் சொல் என்றேன். அவன் பயந்துபோய், "நான் ஒண்ணும் சொல்லலையேம்மா, பெரியம்மாதான் சொல்றாக" என்றான். பழி போடவில்லை, நடந்ததைத்தான் கேட்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தான். "வேற என்னம்மா. சின்னம்மா இருந்தா ஐயா மெதுவாப் போகச் சொல்லுவாக. சூடு ஏறுதுன்னு சொன்னா, இன்னும் மெதுவாப் போங்கும்பாக. மத்த நாள்ல நான் பாட்டுக்கு ஓட்டுவேன்." அவன் இதை ஒரு பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. எனக்குத்தான் பொட்டில் அடித்தது போல இருந்தது. மெதுவாகப் போனால் வண்டி சூடாகாது என்றுதானே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மாடு ஓடினால் இரைக்கும், நடந்தால் இரைக்காது என்கிற கணக்கைக் காருக்கும் போட்டுவிட்டோம்.

இனி ஒரு சாட்சி வேண்டும், அதுவும் அவர்கள் தள்ள முடியாத சாட்சி. திருக்கோஷ்டியூர் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று உன் பெரியத்தை வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாருங்கள் மதினி போவோம் என்றேன். போகும்போது சேவுகன் தன் வழக்கப்படி ஓட்டினான். ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பும்போது, எனக்குத் தலை சுற்றுகிறது, மாட்டு வண்டி மாதிரி மெதுவாகப் போ என்றேன். உச்சி வெயில். திருப்பத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம், முள் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, கடைசியில் தேவகோட்டை ரோட்டில் நான் பார்த்த அதே ஆவி புசுபுசுவென்று கிளம்பியது. காருக்குள் நானும் அவளும்தான். அவளை இறக்கி ஒரு வேப்பமரத்தடியில் நிற்க வைத்தேன். இத்தனை நாள் எரிச்சலும் சேர்ந்துகொள்ள, "இன்னைக்கு யாரு ராசி மதினி, உங்க ராசியா, என் ராசியா?" என்று கேட்டேவிட்டேன். "நீ வேணுமுன்னே செஞ்சிருக்கே. மெதுவாப் போகச் சொன்னது நீதானே" என்றாள். ஆமாம், அதைத்தான் நானும் சொல்கிறேன், மெதுவாகப் போனதுதான் காரணம், மருமகள் இல்லை என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெதுவாகப் போனால் ஏன் கொதிக்க வேண்டும்? அதையும் விடவில்லை நான். வேகமாகப் போகிற காருக்கு முன்பக்கமாகக் காற்று தானாக வந்து அடிக்கும். ஊர்கிற காருக்கு யார் விசிறுவது? பானெட்டுக்குள் ஒரு காத்தாடி இருக்கிறதே, அதற்காகத்தானே அது. கார்க் கொட்டகையில் இன்ஜினை ஓட விட்டுப் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். காத்தாடி நன்றாகத்தான் சுற்றியது. இதைப் பார்த்துத்தான் பட்டறைக்காரரும் திருப்திப்பட்டிருப்பார். சுற்றுவது தெரிகிறது, வீசுகிறதா என்று யார் பார்த்தது? உன் அப்பாவின் கைக்குட்டையை எடுத்துக் கார் மூக்குக்கு முன்னால், ரேடியேட்டரை ஒட்டிப் பிடித்தேன். உள்ளே இருக்கிற காத்தாடி காற்றை இழுத்தால் துணி போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது லேசாக ஆடிவிட்டுக் கீழே விழுந்தது. சேவுகனை அனுப்பி ஸ்டாண்டிலிருந்து நம் கார் மாதிரியே ஒரு டாக்ஸியை வரச் சொல்லி, அதிலும் அதே கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தேன். சட்டென்று போய் அப்பிக்கொண்டது. தெருவில் நாலு பேர் கூடிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இரண்டு பானெட்டையும் திறந்து வைத்து இங்கும் அங்கும் மாறி மாறிப் பார்த்தேன். டாக்ஸியில் காத்தாடி இறக்கையின் குழிந்த பக்கம் இன்ஜினைப் பார்த்து இருந்தது. நம் காரில் குழிந்த பக்கம் ரேடியேட்டரைப் பார்த்து இருந்தது. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்ட மாதிரி, காத்தாடியைத் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

யார் மாட்டியது? இங்கேதான் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "கல்யாணத்துக்குப் பெயிண்ட் அடிக்கையில ஐயாதாம்மா காத்தாடியையும் கழட்டிச் செவப்படிக்கச் சொன்னாக. பொண்ணு வீட்டுக்காரக பானெட்டத் தெறந்து பாத்தாலும் பளபளன்னு இருக்கணுமுன்னாக. நான் அப்ப பத்திரிகை வைக்கப் போற ஆளுகளோட வெளியூரு போயிருந்தேன். பெயிண்டரே மாட்டிவச்சிருப்பாரு" என்றான் சேவுகன். சம்பந்தி பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் எதற்கு நம் பானெட்டைத் திறந்து பார்க்கப் போகிறார்? ஆனால் உன் அப்பாவுக்குப் பெருமை அந்த இடம்வரை போயிருக்கிறது. பெருமைக்காகக் காத்தாடிக்குச் சிவப்படித்து, பெருமைக்காக மெதுவாக ஓட்டச் சொல்லி, இரண்டும் சேர்ந்து கொதித்ததற்கு அந்தப் பெண் தலையில் பழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரியாதவர்கள் ஆடிவிட்டு, புதிதாக வந்து நின்றவளைக் கோணல் என்கிறார்கள்.

உன் அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் காத்தாடி முந்தியே அப்பிடித்தான் இருந்துச்சு" என்றார். "முந்தி நீங்க மெதுவாப் போனதில்லையா? திருவிழாக் கூட்டத்துல ஊர்ந்தே வந்திருக்கீக, ஒரு தடவை கொதிச்சுச்சா?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று சாயங்காலமே காத்தாடியைத் திருப்பி மாட்டச் சொன்னார், என்னிடம் சொல்லாமல். அதுவரை நல்லதுதான். உன் பெரியத்தையிடம் போனேன். கைக்குட்டையிலிருந்து டாக்ஸிவரை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சரித்தா, தப்பா மாட்டிப்புட்டான். அத்தனை வருசமாப் பெயிண்ட் அடிக்கிறவன், அந்த நேரம் பாத்து அவன் கை ஏன் தடுமாறணும்? அவ வர்ற நேரந்தானே அவன் கையைத் திருப்புச்சு?" இதற்கு என்ன பதில் சொல்வாய்? ரேடியேட்டருக்குள் இருந்த ராசியைத் துரத்தினால் அது காத்தாடிக்குப் போகிறது, காத்தாடியிலிருந்து துரத்தினால் பெயிண்டர் கைக்குப் போகிறது.

இதையும்விட எரிச்சலானது ஒன்று இருக்கிறது. அதுதான் நான் முதல் வரியில் சொன்ன சௌக்கியம். காத்தாடியைத் திருப்பிய நாளிலிருந்து கார் கொதிக்கவே இல்லை. மெதுவாகப் போனாலும், மத்தியான வெயிலில் சந்தைக் கூட்டத்தில் நின்றாலும் முள் அசைவதில்லை. போன வாரம் பக்கத்து வீட்டில் ஒருத்தி கேட்டதற்கு உன் பெரியத்தை சொன்ன பதில் என் காதில் விழுந்தது. "அவ போன பொறகு காரு தங்கமா ஓடுது." காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்கை பறந்துபோன பிறகும், மரம் ஆடாமல் நிற்பதற்குக் காக்கை இல்லாததுதான் காரணம் என்கிறார்கள். நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்துச் சரி செய்தது அவள் வராமல் இருப்பதற்கே இன்னொரு காரணமாகிவிட்டது. அன்று சமையல்கட்டில் நின்று அழுதேன். வெங்காயம் கூட உரிக்கவில்லை, சும்மாவே அழுதேன்.

சரி, இவர்களிடம் பேசிப் பயனில்லை, அந்தப் பெண்ணையே அதே காரில், அதே ரோட்டில், மெதுவாக அழைத்து வந்து வாசலில் இறக்கிவிட்டால் எல்லார் வாயும் அடைக்கும் என்று நினைத்தேன். நீ பம்பாய் போவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று, உன் அப்பாவிடம்கூடக் கேட்காமல் போன வெள்ளிக்கிழமை தேவகோட்டைக்குக் கிளம்பிவிட்டேன். போகும்போதே நல்ல வெயிலில் ஊர்ந்துதான் போனோம். கொதிக்கவில்லை. எனக்கு அத்தனை சந்தோஷம். சம்பந்தி வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொல்லி, பூவும் பழமுமாக உள்ளே போனேன். சம்பந்தி எழுந்து நின்று கைகூப்பினார். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் அந்த மனிதர் முகத்தில் இருந்த வாட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வள்ளிக்கண்ணு மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இளைத்திருக்கிறாள். நான் காத்தாடிக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவள் கெட்டிக்காரி, கைக்குட்டை சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள். சரி, கிளம்பு தாயி, கார் வாசலில் நிற்கிறது என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "அத்தை, நீங்க எனக்காக இம்புட்டுப் பாடுபட்டிருக்கீக. ஆனா நான் இந்தக் காருல வரலை" என்றாள். அதுதான் சரியாகிவிட்டதே என்றேன். "அதனாலதான் வரலை. காரு கொதிக்கலைன்னா நான் நல்லவ. நாளைக்கு ஒரு டயரு வெடிச்சா? பெட்ரோலு தீந்து நின்னா? ஒவ்வொரு தடவையும் நீங்க பானெட்டத் தெறந்து பாத்து, நான் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருப்பீகளா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு நியாயம் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளைக் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்க வைத்துத்தான் நானும் இத்தனை நாள் வாதாடியிருக்கிறேன். அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. இருந்தாலும் விடாமல், பெரியத்தை பேச்சைப் பெரிதாக எடுக்காதே, அவள் வயது அப்படி என்று ஏதோ சமாதானம் சொன்னேன்.

"பெரியவக பேச்சுக்கு நான் அழுகலை அத்தை" என்றாள். பிறகு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தீபாவளிக்கு வரும்போது கார் நின்றதும் உன் அப்பா இறங்கினார், சேவுகன் இறங்கினான், இரண்டு பேரும் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார்கள். நீ இறங்கவில்லை. "அவுக என்னையத் திரும்பிப் பாத்தாக அத்தை. ஒரு வார்த்தை சொல்லலை. பாத்தாக, அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு பஸ்ஸுல எம்பக்கத்துல உக்காரவும் இல்லை, தள்ளிப்போய் நின்னுக்கிட்டாக." இதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. "நாளைக்கு பம்பாயில பால் திரிஞ்சாலும், பிள்ளைக்குக் காச்ச வந்தாலும், அவுக எங்குட்டுத் திரும்பிப் பாப்பாக? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க, பஸ்ஸுலயே வந்துடுறேன்."

நான் வெறும் காரோடு திரும்பி வந்தேன். வழியெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. உன் மனசுக்கு முன்னால் பிடித்துப் பார்க்க என்னிடம் கைக்குட்டை எதுவும் இல்லை. நீ அன்றைக்கு ஏன் அவளைத் திரும்பிப் பார்த்தாய் என்பது உனக்குத்தான் தெரியும். பதறிப்போய்ப் பார்த்திருக்கலாம். வெயிலில் சலித்துப்போய்ப் பார்த்திருக்கலாம். உன் பெரியத்தை சொன்னதை நம்பிப் பார்த்திருந்தால் அதையும் அவளிடமே சொல்லிவிடு, அவள் மேலே என்ன செய்வது என்று முடிவு செய்துகொள்வாள். ஆனால் பம்பாய்க்குப் போய், நேரம் சரியாகட்டும் என்று காத்துக்கொண்டிருக்காதே. நேரத்துக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்கமாட்டேன். தேவகோட்டைக்குப் போய், அவள் முகத்தைப் பார்த்து, அவளிடம் சொல்.

அம்மா